குழந்தை எந்தப் படியில் வாசிக்கிறது? ஐந்து நிமிடத்தில் அறிய

ஐந்தாம் வகுப்பில் இருப்பதாலேயே ஒரு குழந்தை ஐந்தாம் வகுப்புப் பாடத்தை வாசித்துவிடும் என்று நம்ப வேண்டாம். 2005 முதல் இந்தியக் கிராமங்களில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு நடத்திவரும் ஏசர் (ASER) என்ற கல்வி நிலை ஆய்வின் வாசிப்புச் சோதனையை யாரும் செய்து பார்க்கலாம்.

ஒரு தாளில் நான்கு பகுதி: எழுத்துகள் பத்து, எளிய சொற்கள் பத்து, நான்கு வரிப் பத்தி (முதல் வகுப்புத் தரம்), ஏழெட்டு வரிக் கதை (இரண்டாம் வகுப்புத் தரம்). பாடப்புத்தக வரிகளை அப்படியே எடுக்காதீர்கள். மனப்பாடம் வாசிப்பாக ஏமாற்றும்.

பத்தியில் தொடங்குங்கள். சொல் சொல்லாகப் பிய்க்காமல், வாக்கியமாக, மூன்று தவறுக்குள் வாசித்தால் கதைக்குப் போகலாம். மெதுவாக வாசிப்பது தவறல்ல. தடுமாறினால் சொற்களுக்கு இறங்குங்கள்: ஐந்தில் நான்கு சரியாக வேண்டும். அதுவும் வரவில்லையென்றால் எழுத்துகள், அதே கணக்கு. ஐந்தைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். சொல் தேறினால் பத்தியை இன்னொரு முறை கொடுத்துப் பாருங்கள். தேறிய பகுதிகளில் கடினமானதே அந்தக் குழந்தையின் படி.

சோதனை கெடுவது பெரும்பாலும் நம்மால்தான். பக்கத்தில் நின்று முதல் எழுத்தை எடுத்துக் கொடுப்போம், அல்லது மற்றப் பிள்ளைகள் முன்னால் கேட்போம். தனியாக உட்கார வையுங்கள். ள, ழ வட்டார உச்சரிப்பில் குழைந்தால் அதைத் தவறாக எண்ணக் கூடாது. 'கொ', 'கோ' மாறினால் குறித்துக்கொள்ளுங்கள்; உயிர்மெய்க் குறிகளில்தான் பலர் சிக்குகிறார்கள்.

பிறகு வகுப்பை மறந்துவிட்டு, ஒரே படியில் இருப்பவர்களைச் சேர்த்து உட்கார வைத்துத் தினமும் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுங்கள். மாதம் ஒருமுறை வேறு தாளில் சோதித்து, குழுவை மாற்றுங்கள்.