கம்பெனி அடித்த அவசரக் காசை அடையாளம் காண்பது எப்படி?

புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் பழைய சாமான் விரிப்பவர்களிடம் பிரெஞ்சுக் காசுகளைக் கிளறினால், அரசு அடிக்காத காசும் சில நேரம் அகப்படும். 1914-ல் போர் மூண்டதும் ஐரோப்பாவில் ஜனங்கள் வெள்ளிக்காசைப் பதுக்கினார்கள். செம்பும் நிக்கலும் ஆயுதத்துக்குப் போயின. கூலி கொடுக்கச் சில்லறை இல்லாமல் ஆலைகளும் கடைகளும் தாங்களே டோக்கன் அடித்தன. அதுதான் அவசரக் காசு.

1. முதலில் கழுவாதீர்கள். பித்தளைக் குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்க்கத்தான் கை போகும். இவற்றில் பல துத்தநாகமும் அலுமினியமும். புளிப்பு பட்டால் மேல்பரப்பே அரித்துவிடும். மெல்லிய பிரஷ்ஷால் மண்ணைத் தட்டினால் போதும்.

2. காந்தம் வையுங்கள். ஒட்டினால் பெரும்பாலும் இரும்பு. ஒட்டாமல், சாம்பல் நிறத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் துத்தநாகமாக இருக்கலாம். இறகு போல லேசாக இருந்தால் அலுமினியம்.

3. யார் பெயர் இருக்கிறது என்று படியுங்கள். ஆண்டு, விலை எல்லாம் அப்புறம். ஜெர்மன் டோக்கனில் 'வெர்ட்மார்கே' (மதிப்பு டோக்கன்) என்றும், பிரெஞ்சில் 'போன் பூர்' (இவ்வளவுக்குச் செல்லும்) என்றும் பெரும்பாலும் இருக்கும். கூடவே ஆலை பெயர் இருந்தால் அது கம்பெனிக் காசு. உட்கார்ந்த மெர்குரி (ரோமானியரின் வணிகக் கடவுள்) உருவத்தோடு 'போன் பூர் 1 பிராங்க்' என்றிருப்பது பிரான்ஸ் வணிகச் சபைகளின் பெயரில் 1920 முதல் 1927 வரை வந்தது. அலுமினிய வெண்கலம், 4 கிராம், 23 மில்லிமீட்டர். பளபளப்பைப் பார்த்துத் தங்கம் கலந்தது என்பார்கள், நம்பாதீர்கள். ஏராளமாக அடித்த காசு அது.

4. விளிம்பையும் லென்ஸில் பாருங்கள். சில்லறைத் தட்டுப்பாட்டில் 1787-ல் வேல்ஸின் ஆங்கில்சி தீவில் இருந்த பாரிஸ் (Parys, பிரான்ஸ் தலைநகர் அல்ல) சுரங்கக் கம்பெனி அடித்த செம்புப் பென்னியில், கேட்டதும் லண்டன், லிவர்பூல் அல்லது ஆங்கில்சியில் பணம் தருவதாக விளிம்பிலேயே பொறித்திருக்கிறார்கள். எங்கே மாற்றலாம் என்று சொல்லும் அந்த ஒரு வரிதான் எனக்கு ராஜா தலையைவிடப் பிடித்தது.

5. வட்டத் தகட்டுக்குள் தபால்தலை தெரிந்தால் அவசரப்பட்டுத் திறக்காதீர்கள். 1920 வாக்கில் பிரான்சில் இப்படித் தபால்தலையை அலுமினியத்தில் அடைத்து, மேலே மைக்கா மூடி, பின்பக்கம் விளம்பரம் போட்டுப் புழங்கவிட்டார்கள். கிரெடி லியோனே வங்கி விளம்பரம் போட்டது அடிக்கடி கண்ணில் படும். ஓரம் நெம்பியிருந்தால் உள்ளே தபால்தலையை மாற்றியிருக்கலாம். பேரம் பேசாமல் வைத்துவிடுங்கள்.

6. நம் ஊர் உப்புக்காற்றுக்கு மெத்தென்ற பிளாஸ்டிக் கவர் ஆகாது. காகித உறையில் போட்டு, டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று வையுங்கள், மழைக்காலத்தில் மாற்றுங்கள்.