வாய்ப்புண்ணுக்கு மருந்து தடவுவது எப்படி?

மெடிக்கலில் கொடுத்த ட்யூபை வாங்கி, விரலால் புண்ணில் அழுத்தித் தேய்த்துவிட்டு, பத்தே நிமிடத்தில் ஒரு காபியும் குடித்துவிட்டு, மருந்து கேட்கவில்லை என்று சொல்கிறவர்கள்தான் அதிகம். புண்ணில் ஒட்டியிருந்தால்தானே கேட்கும்?

முதலில் ட்யூபில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். லிடோகைன், பென்சோகைன், கோலின் சாலிசிலேட் எல்லாம் வலிக்கானவை, புண்ணை ஆற்றாது. சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் தடவிக்கொண்டால் நாலு வாய் நிம்மதியாகச் சாப்பிடலாம், அவ்வளவுதான். ட்ரையாம்சினலோன் 0.1% என்று இருந்தால் அது ஸ்டீராய்டு பேஸ்ட், அழற்சியைத் தணித்துப் புண் சீக்கிரம் ஆற உதவும். இதை டாக்டரிடம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும், ஏனென்றால் காய்ச்சலோடு கொத்தாகக் கொப்புளம் வந்தால் அது வைரஸாக இருக்கலாம், அதில் ஸ்டீராய்டு படவே கூடாது. தோலுக்குப் போடும் க்ரீமும் வாய்க்கு ஆகாது.

இந்த ஸ்டீராய்டு பேஸ்டைத் தடவும் முறைக்கு வருவோம். வாயைக் கொப்பளித்து, கையைக் கழுவி, உதட்டை மடக்கிப் பிடித்துக்கொண்டு, சுத்தமான துணியாலோ பஞ்சாலோ புண்ணை மெல்ல ஒற்றி எச்சில் ஈரத்தை எடுங்கள். சுருக்கென்றுதான் இருக்கும், ஆனால் இதை விட்டால் பேஸ்ட் வழுக்கிக்கொண்டு போய்விடும். அப்புறம் கொஞ்சமே கொஞ்சம் எடுத்து வைத்து, லேசாக அழுத்துங்கள், தேய்க்காதீர்கள். தேய்த்தால் மணல் மணலாக உதிர்ந்துவிடும். சரியாக வைத்தால் புண்மேல் வழவழப்பாக மெல்லிய ஏடு படியும். அரை மணி நேரம் எதுவும் குடிக்க வேண்டாம். ராத்திரி படுக்கும்போது போடுவதுதான் ரொம்ப முக்கியம், அப்போதுதான் எச்சிலும் குறைவு, பேச்சும் இல்லை. அடிக்கடி வருகிறவர்களுக்குப் புண் கிளம்பும் முன்பே அந்த இடம் எரிவது தெரியும், அன்றைக்கே தொடங்கிவிடுங்கள்.

குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் உதவும்தான், ஆனால் நாள்கணக்கில் கொப்பளித்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும். 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பென்சோகைன் வேண்டவே வேண்டாம், ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமப்பதையே கெடுக்கக்கூடியது. கோலின் சாலிசிலேட்டும் சின்னப் பிள்ளைகளுக்கு உகந்ததல்ல.

மணத்தக்காளிக் கீரை பிடித்தால் சாப்பிடுங்கள், நல்லதுதான். ஆனால் மாதாமாதம் புண் வருகிறதென்றால் இரும்புச்சத்து, பி12, ஃபோலிக் அமிலம் மூன்றையும் ரத்தத்தில் பார்த்துவிடுங்கள், குறை அங்கே இருந்தால் எந்தக் களிம்பும் அதைத் தடுக்காது. நுரை வருவதற்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்ஃபேட் இல்லாத பல் பேஸ்டுக்கு மாறிப் பாருங்கள், சிலருக்கு வருவது குறைகிறது.

சாதாரணப் புண் ஒன்றிரண்டு வாரத்தில் தானே ஆறும். 3 வாரம் ஆகியும் ஆறாமல், அதே இடத்தில் கெட்டியாக இருக்கிறது, அதிலும் புகையிலையோ பாக்கோ போடும் பழக்கம் உண்டு என்றால், களிம்பை நிறுத்திவிட்டு அந்த வாரமே பல் டாக்டரிடம் காட்டுங்கள். வலிக்கவில்லையே என்று தள்ளிப்போடாதீர்கள், வாய்ப் புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது.