நாலுக்கு நாலு போதுமா? பெர்கோலா தூணில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் நண்பர் ஒருவர் கொல்லைப்புறத்தில் பெர்கோலா, அதாவது தூண்கள் மேல் கூரை இல்லாமல் சட்டங்கள் மட்டும் வைத்த பந்தல், போட மரம் இறக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் நான்கு தூணும் நாலுக்கு நாலு இன்ச். ஒன்றின் தலையில் இரண்டு பக்கமும் காடிக்கு, அதாவது உத்தரப் பலகை உட்காரும் வெட்டுப் பள்ளத்துக்கு, பென்சிலால் கோடு போட்டு, ரம்பத்தைக் கையில் எடுத்திருந்தார். என் முதல் பெர்கோலாவில் நான் போட்ட அதே கோடு! கையைப் பிடித்து நிறுத்தினேன்.

இரண்டு முறை அளந்து ஒருமுறை வெட்டு, தூண் நேராக நிற்கிறதா என்று பார் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தூணின் பருமனில் வருகிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

எடையை மட்டும் கணக்குப் போடுவது

"மேலே கூரையா இருக்கிறது, நாலு சட்டம்தானே" என்பார்கள். உண்மைதான். அந்த எடையைத் தாங்க நாலுக்கு நாலு தூணே போதும். ஆனால் பெர்கோலாவைக் கெடுப்பது எடை இல்லை, பக்கவாட்டு ஆட்டம். வீட்டுக்குச் சுவர் இருக்கிறது, அது ஆடவிடாது. பெர்கோலாவுக்குத் தூணை விட்டால் வேறு கதி இல்லை. அதன் மேல் நிழல் துணியோ அடர்ந்த கொடியோ ஏறிவிட்டால் காற்று பிடித்துத் தள்ளும்.

கடையில் நாலுக்கு நாலு என்று சொன்னாலும், இழைத்த மரத்தின் உண்மையான அளவு பெரும்பாலும் 3.5 இன்ச். ஆறுக்கு ஆறு 5.5 இன்ச். மரம் இரண்டரை மடங்குதான் ஆகிறது, வளையாமல் நிற்கும் விறைப்போ 6 மடங்காகிறது. உயரத்தையும் மறக்கக் கூடாது. அதே தூணை 8 அடியிலிருந்து 10 அடிக்கு உயர்த்தினால், அதே தள்ளலுக்கு ஆட்டம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும்.

காடி வெட்டித் தூணைக் கொல்வது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. உத்தரம் இரண்டு பலகை, தூணின் இரு பக்கமும் ஒவ்வொன்று. காடிக்குள் உட்கார வைத்தால் பார்க்க அழகு, எடையும் மரத்தின் மேலேயே இறங்கும். யோசனையில் பிழை இல்லை, பிழை தூணின் அளவில். பலகையின் தடிமன் 1.5 இன்ச். இரு பக்கமும் சேர்த்து 3 இன்ச் போனால் 3.5 இன்ச் தூணில் மிச்சம் என்ன? அரை இன்ச். அந்த அரை இன்ச் நாக்கிலேயே போல்ட்டுக்குத் துளையும் போட்டேன்.

சில மாதம் அசையாமல் நின்றது. கொடி படர்ந்தது. ஒரு காற்று நாளில் கிரீச்சென்று சத்தம் கேட்டு ஏணி போட்டு ஏறினேன். போல்ட் துளையில் தொடங்கிய வெடிப்பு, மரத்தின் ரேகையோடு இறங்கிக் காடிக்குக் கீழே ஒரு சாண் வரை வந்திருந்தது. விரலால் அழுத்தினால் வாய் திறந்து மூடியது. மற்ற மூன்று தூணும் அதே பாதையில்தான் இருந்தன.

தூணை மட்டும் மாற்ற முடியாது. கொடியை வெட்டி, சட்டங்களைக் கழற்றி, உத்தரத்தை இறக்கி, கடைசியில் கான்கிரீட்டில் பதித்த இரும்புப் பாதங்களையும் உடைத்து எடுத்தேன். அவை 3.5 இன்சுக்குச் செய்தவை, பெரிய தூண் உள்ளே போகாது. ஒரு வேலைக்கு இரண்டு முறை செலவழித்தேன்.

ஆறுக்கு ஆறில் அதே காடிகளை வெட்டினால் நடுவில் 2.5 இன்ச் திடமாக நிற்கும். காடி வேண்டுமென்றால் அந்தத் தூண்தான். நாலுக்கு நாலு ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதா? காடியே வேண்டாம். உத்தரத்தைத் தூணின் தலைமேல் வைத்து, அதற்கென்று விற்கும் இரும்புத் தொப்பியால் பிணையுங்கள்.

மரத்தை அளக்காமல் இரும்புப் பாதம் வாங்குவது

இழைக்காத மரம் முழு அளவில் வரும். மரம் கைக்கு வந்த பிறகு அதை அளந்து பாதம் வாங்குங்கள்.

தூண் பெரிது, முட்டு எதற்கு?

வேண்டும். பாதத்தின் மேல் நிற்கும் தூண், எவ்வளவு தடியானாலும், அடியில் கீல் போலத்தான் நடந்துகொள்ளும். தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவே 45 பாகையில் சாய்வு முட்டு கொடுங்கள், இரண்டு திசையிலும். ஒரு திசையில் மட்டும் கொடுத்தால் மற்ற திசையில் ஆடிக்கொண்டே இருக்கும்.

வெடிப்பைக் கண்டு பெரிய தூணை ஒதுக்குவது

ஆறுக்கு ஆறு உலரும்போது முகத்தில் நீளவாக்கில் கோடு விடும். வெளிப்புறம் உட்புறத்தைவிடச் சீக்கிரம் உலர்வதால் வருவது, பெரும்பாலும் பலத்தைக் குறைக்காது. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஓடும் பிளவு வேறு, போல்ட் துளையைத் தொட்டு ஓடுவதும் வேறு. அந்த இரண்டையும் கண்டால் அந்தத் தூணை நிறுத்தாதீர்கள்.

நண்பர் நான்கையும் திருப்பிக் கொடுக்க எடுத்துப் போய், ஆறுக்கு ஆறு எடுத்து வந்தார். பென்சில் கோடு இருந்ததை மட்டும் கடையில் வாங்க மறுத்துவிட்டார்கள். அதை அறுத்துச் சாய்வு முட்டுகளுக்கு வைத்துக்கொண்டோம்.