பிராங்பர்ட் அருகே அரண்மனை விடுதி: தங்குமுன் ஒரு குறிப்பு

பிராங்பர்ட்டுக்குச் செல்பவர்கள் ஓரிரவாவது அரண்மனையில் தங்க விரும்பினால், தவுனுஸ் மலையடிவாரத்திலுள்ள குரோன்பெர்க் அரண்மனை விடுதியைப் பரிசீலிக்கலாம். இங்கிலாந்து ராணி விக்டோரியாவின் மூத்த மகளும், 1888-இல் 99 நாள்கள் மட்டுமே ஆட்சி செய்து மறைந்த ஜெர்மானியப் பேரரசர் மூன்றாம் பிரீட்ரிக்கின் மனைவியுமான விக்டோரியா, கணவரின் நினைவாக 1889 முதல் 1893 வரை கட்டுவித்த மாளிகை இது. நுழைவாயிலின் மேலே 'பிரீட்ரிக்கின் நினைவுக்கு' என்று பொருள்படும் லத்தீன் சொற்கள் பொறிக்கப்பட்டிருப்பதை உள்ளே நுழையும் அவசரத்தில் பலர் கவனிப்பதில்லை. ஒரு நிமிடம் நின்று அண்ணாந்து பாருங்கள். 1954 முதல் இது விடுதியாக இயங்குகிறது.

அக்டோபரில் நடைபெறும் புத்தகக் கண்காட்சி போன்ற பெரிய வர்த்தகக் கண்காட்சி நாள்களில் பிராங்பர்ட் வட்டாரம் முழுவதும் அறை வாடகை வெகுவாக உயர்ந்துவிடுவதால், கண்காட்சி நாள்காட்டியைப் பார்த்த பிறகே தேதியை முடிவு செய்யுங்கள். முன்பதிவின்போதே பூங்காவைப் பார்த்த அறை வேண்டும் என்று கேட்டு வைப்பது நல்லது. பழைய மரங்கள் சூழ்ந்த அந்தப் புல்வெளிதான், என்னைக் கேட்டால், கொடுக்கும் பணத்துக்கு உண்மையான ஈடு.

பிராங்பர்ட் மத்திய நிலையத்திலிருந்து எஸ்4 புறநகர் ரயிலில் சுமார் அரை மணி நேரத்தில் குரோன்பெர்க் சென்றுவிடலாம், எனவே வாடகைக் கார் தேவையில்லை. ஆனால் பிராங்பர்ட் நகர எல்லைக்கு வெளியே குரோன்பெர்க் இருப்பதால், பிராங்பர்ட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் நாள் பயணச்சீட்டு இங்கே செல்லாது. தங்குவது கட்டுப்படியாகாவிட்டால், முன்கூட்டியே இடம் பதிவு செய்து ஒரு மதிய உணவுக்கோ தேநீருக்கோ மட்டும் சென்று வரலாம்.