மீள்சுழற்சிக் கடதாசி: கந்தோருக்கு வாங்கும்போது விடுகிற பிழைகள்

போன கிழமை கல்முனைப் பக்கத்துத் தம்பி ஒருவர், வேலைக்குப் புதிது, விலைக்கோரல் கடிதமொன்றைக் காட்டி “அண்ணன், இது சரியா?” என்று கேட்டார். அதில் இருந்தது ஒரே வரி: “சுற்றுச்சூழலுக்கு உகந்த ஏ4 கடதாசி, 80 ஜி.எஸ்.எம்., 400 றீம்.” சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. மட்டக்களப்பில் வேலை தொடங்கின காலத்தில் நான் எழுதினதும் அச்சொட்டாக இந்த வரிதான். றீமை எண்ணாமல் கையெழுத்து வைப்பது மாதிரியான பிழைகளை ஒரு தடவை பேச்சு வாங்கினால் விட்டுவிடுவீர்கள். அவற்றை இங்கே சொல்லவில்லை.

“உகந்த” என்று மட்டும் எழுதுவது

அன்று எங்களுக்கு மூன்று விலைமனு வந்தது. ஆகக் குறைந்த விலைக்காரருக்குக் கொடுத்தோம். வந்திறங்கிய பொதியில், காடுகளுக்குச் சான்று தருகிற எஃப்.எஸ்.சி. அமைப்பின் மரம் போட்ட சின்னம், பக்கத்தில் 100%. நூறு வீதம் மீள்சுழற்சி என்று நானே நினைத்துக்கொண்டு களஞ்சியப் புத்தகத்தில் அப்படியே பதிந்தேன். கூட்டத்தில் பெருமையாகச் சொல்லியும் விட்டேன்.

சில மாதம் கழித்து அச்சகக்காரர் ஒருவர் பொதியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது முழுக்கப் புது மரமெல்லோ?” என்றார். எஃப்.எஸ்.சி. 100% என்றால் அத்தனை நாரும் சான்று பெற்ற காட்டில் வெட்டிய மரத்தினுடையது. “மிக்ஸ்” என்றிருந்தால் கலவை. “ரீசைக்கிள்ட்” என்றிருந்தால்தான் முழுதும் மீட்டெடுத்த நார். வைக்கோலில் கடதாசி செய்த வாழைச்சேனை ஆலை இருக்கிற மாவட்டத்துக்காரன் நான். நார் எது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை!

விநியோகத்தரில் பிழையில்லை. உகந்தது கேட்டோம், உகந்தது தந்தார். திருப்பி அனுப்ப எங்கள் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. உண்மையான மீள்சுழற்சிக் கடதாசிக்கு விலை போட்டிருந்த மற்றவரை, விலை கூட என்று நாங்களே தள்ளியிருந்தோம். அதை நினைத்தால் இன்றைக்கும் எரிகிறது. காகித வேலை எல்லாம் ஒழுங்கு என்பதால் கணக்காய்வில் ஒரு ஐயவினாகூட வரவில்லை.

ஆகவே இப்படி எழுதுங்கள்: நார் முழுவதும் மீள்சுழற்சி, அதில் பாவித்துக் கழித்த கடதாசி இத்தனை வீதத்துக்குக் குறையக்கூடாது, சான்றிதழ் இலக்கம் விலைமனுவோடு வர வேண்டும். அந்த இலக்கத்தை எஃப்.எஸ்.சி.யின் இணையத் தேடலில் போட்டுப் பார்க்கலாம். “பாவித்துக் கழித்த” என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் அச்சகத்தில் வெட்டி விழுந்த துண்டுகளும் மீள்சுழற்சிக் கணக்கில் வந்துவிடும். ஆலை தன் சொந்தக் கழிவைத் திரும்பத் தன் தொட்டியிலேயே போடுவதை ஐ.எஸ்.ஓ. 14021 என்ற சர்வதேசத் தரம் மீள்சுழற்சியாகக் கணக்கெடுப்பதில்லை.

டிசம்பரில் மொத்தமாக இறக்குவது

31ஆம் திகதிக்குள் காசை முடிக்க வேண்டும் என்று ஓடுவோம். அந்த நேரம்தான் எங்கள் பக்கம் மாரி கொட்டுகிறது. சுவரோடு அடுக்கின றீம் ஈரம் குடித்து ஓரம் நெளியும், போட்டோக்கொப்பி மெஷினில் சிக்கும். பழி முழுக்க “மீள்சுழற்சி” என்ற பெயருக்கு. புதுக் கடதாசியும் அப்படித்தான் நெளியும் என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்? பகுதி பகுதியாகத் தரும்படி ஓடரிலேயே எழுதுங்கள். மரத்தட்டில், சுவருக்கு எட்ட வையுங்கள். தேவைப்படும் நாளில்தான் உறையைப் பிரியுங்கள்.

பால் வெள்ளை கேட்பது

கேட்காதீர்கள்.

எல்லாக் கோப்புக்கும் ஒரே கடதாசி

காணி, பிறப்புப் பதிவு போன்று தலைமுறைக்கும் கிடக்க வேண்டியவற்றுக்கு நெடுங்காலம் நிலைக்கும் கடதாசிக்கான தரமான ஐ.எஸ்.ஓ. 9706 என்று தனியாகக் கேளுங்கள்.

நிறுக்காமல் பொறுப்பெடுப்பது

ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீற்றர் கடதாசி எத்தனை கிராம் என்பது. ஏ4 தாள் பதினாறு சேர்ந்தால் ஒரு சதுர மீற்றர். 80 ஜி.எஸ்.எம். தாள் ஒன்று 5 கிராம், 500 தாள் 2.5 கிலோ. உறையைக் கழற்றித் தராசில் வையுங்கள். 2.2 கிலோவுக்குக் கிட்ட நின்றால் உங்களுக்கு வந்திருப்பது 70. தம்பிக்கு இதைச் சொன்னதும் பக்கத்துப் பலசரக்குக் கடையில் தராசு இரவல் கேட்கப் போய்விட்டார், கடிதத்தை இன்னும் திருத்தவில்லை.