வகுப்பறை ஆய்வு: எதை எண்ணுவது, எதைக் கேட்பது?

கல்வியில் முதன்முதலாக ஆய்வு செய்பவர்கள் பலர், எடுத்த எடுப்பிலேயே ஒரு வினாநிரலைத் தயாரித்துவிடுகிறார்கள். எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை அதற்கப்புறம்தான் யோசிக்கிறார்கள். நிரப்பி வாங்கிய தாள்கள் மேசையில் குவிந்த பிறகு, "இதை வைத்து என்ன சொல்வது?" என்று தவிக்கிறார்கள். அந்தத் தவிப்பு உங்களுக்கு வரக்கூடாது. ஒரே ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து போவோம்: சந்தேகம் இருந்தும் மாணவர்கள் வகுப்பில் கேள்வி கேட்பதில்லை.

படி 1: கேள்வியை எழுதுங்கள்

"மாணவர்களின் தயக்கம் பற்றிய ஆய்வு" என்பது வெறும் தலைப்பு. பதில் கிடைத்துவிட்டதா இல்லையா என்று சொல்ல முடிந்தால்தான் அது கேள்வி. நம் பிரச்சினையிலிருந்து இப்படி இரண்டு எழுதலாம்:

- பாடத்தின் நடுவே இரண்டு நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு பேசவிட்டால், கேள்வி கேட்கும் மாணவர்களின் எண்ணிக்கை கூடுகிறதா?
- சந்தேகம் இருந்தும் வாய் திறக்காத மாணவர் அந்த நேரத்தில் என்ன நினைக்கிறார்?

முதல் கேள்விக்கு எண்ண வேண்டும். அது அளவுசார் ஆய்வு. இரண்டாவதற்கு உட்கார்ந்து பேசிக் கேட்க வேண்டும். அது பண்புசார் ஆய்வு. எத்தனை, எவ்வளவு, கூடியதா என்று கேட்டால் எண்கள் தேவை. எப்படி, ஏன், என்ன அனுபவம் என்று கேட்டால் சொற்கள் தேவை. புள்ளியியலுக்குப் பயந்து பண்புசார் ஆய்வுக்குப் போகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிப் போகாதீர்கள். ஒரு மணி நேர நேர்காணலைக் கையால் எழுத்தாக்கவே நான்கைந்து மணி நேரம் பிடிக்கும்.

படி 2: ஒப்பீட்டைத் திட்டமிடுங்கள்

அளவுசார் ஆய்வில் நாம் மாற்றிப் பார்ப்பது சாரா மாறி. இங்கே அந்த இரண்டு நிமிடப் பேச்சு. அதனால் மாறுகிறதா என்று பார்ப்பது சார்ந்த மாறி. கேள்வி கேட்டவர்களின் எண்ணிக்கை. "பேசவிட்டால் எண்ணிக்கை கூடும்" என்பது கருதுகோள்.

ஒரு வகுப்பில் பேசவிட்டு, இன்னொரு வகுப்பில் வழக்கம்போல் நடத்தி ஒப்பிடலாம். ஆனால் முதல் வகுப்பு ஏற்கெனவே கலகலப்பானதாக இருந்தால்? இதற்காகத்தான் குலுக்கல் முறையில் பிரிக்கிறார்கள். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985-ல் தொடங்கிய ஸ்டார் ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மழலை வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை, 79 பள்ளிகளில், குழந்தைகளையும் ஆசிரியர்களையும் குலுக்கல் முறையில் சிறிய வகுப்புகளுக்கும் (13 முதல் 17 பேர்) வழக்கமான வகுப்புகளுக்கும் (22 முதல் 25 பேர்) பிரித்தார்கள். சிறிய வகுப்பில் இருந்தவர்கள் வாசிப்பிலும் கணிதத்திலும் முன்னேறியிருந்தார்கள். பிரித்தது குலுக்கல் என்பதால்தான் அந்த முடிவுக்கு இவ்வளவு மதிப்பு.

உங்களால் குலுக்கிப் பிரிக்க முடியாது என்றால், மாற்றம் செய்வதற்கு முன்பே சில வாரங்கள் இரு வகுப்புகளிலும் எண்ணி வையுங்கள்.

படி 3: யாரிடம்?

அளவுசார் ஆய்வில் மாதிரி (நாம் தேர்ந்தெடுக்கும் சிலர்), முழுத் தொகுதியையும் (நாம் அறிய விரும்பும் எல்லாரையும்) பிரதிபலிக்க வேண்டும். மாதிரிக்கு எத்தனை பேர் வேண்டும் என்று காட்டும், கிரெய்சியும் மார்கனும் 1970-ல் வெளியிட்ட அட்டவணையைப் பலரும் பயன்படுத்துகிறார்கள்: 100 பேர் கொண்ட தொகுதிக்கு 80, 1000 பேருக்கு 278, ஒரு லட்சம் பேருக்கு 384. எல்லாருக்கும் தேர்வாகச் சம வாய்ப்புள்ள சமவாய்ப்பு முறையில் எடுத்தால்தான் இந்த எண்களுக்குப் பொருள் உண்டு. கையில் கிடைத்த 278 பேரிடம் கேட்டுவிட்டு அட்டவணையைக் காட்டுவது சரியில்லை.

பண்புசார் ஆய்வில் நோக்க மாதிரி போதும். விஷயம் தெரிந்தவர்களை, அதாவது வாய் திறக்காத மாணவர்களை, தேடிப் போங்கள். புதிதாக எதுவும் வராத நிலையை எட்டும் வரை நேர்காணலைத் தொடருங்கள்.

படி 4: ஒப்புதல்

பெற்றோரிடமும் மாணவரிடமும் ஒப்புதல் வாங்குங்கள், பெயர்களை மாற்றுங்கள். நீங்கள் அதே மாணவர்களின் ஆசிரியர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். மதிப்பெண் போடுகிறவரிடம் "முடியாது" என்று எந்தப் பிள்ளை சொல்லும்? நேர்காணலை வேறொருவர் எடுப்பது நல்லது.

படி 5: கருவி

எண்ணுவது எளிது என்று தோன்றும். "வெளியே போகலாமா?" என்பதும் கேள்விதானா? இரண்டு பேர் ஒரே வகுப்பில் உட்கார்ந்து தனித்தனியாக எண்ணிப் பாருங்கள். எண்கள் ஒத்துப்போனால் நம்பகத்தன்மை இருக்கிறது. எண்ணியது உண்மையிலேயே பாடம் சார்ந்த கேள்விகளைத்தான் என்றால் ஏற்புடைமையும் இருக்கிறது.

நேர்காணலில் "பயமாக இருந்ததா?" என்று கேட்காதீர்கள், பதிலை நீங்களே ஊட்டிவிடுகிறீர்கள். "போன வகுப்பில் புரியாத இடம் வந்தபோது என்ன நடந்தது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

படி 6: எண்களைப் படிப்பது

30 பேர் உள்ள வகுப்பில் 15 கேள்விகள் வந்தன. சராசரி 0.5. ஆனால் அந்தப் பதினைந்தையும் மூன்றே பேர் கேட்டிருக்கலாம்! அதனால்தான் படி 1-ல் "கேள்வி கேட்கும் மாணவர்களின் எண்ணிக்கை" என்று எழுதினோம். சராசரியோடு, எண்கள் அதிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்டவிலக்கத்தையும் எப்போதும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இரு வகுப்புகளையும் ஒப்பிடும் புள்ளியியல் சோதனையில் பி மதிப்பு (p-value) 0.05-க்குக் கீழே வந்தது என்றால், உண்மையில் வித்தியாசமே இல்லாத நிலையில் இவ்வளவு வித்தியாசமோ இதைவிடப் பெரியதோ தற்செயலாக வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. வித்தியாசம் பெரியது என்று இது சொல்லாது. அதற்கு விளைவின் அளவைத் தனியாகக் கணக்கிட வேண்டும்.

படி 7: சொற்களைப் படிப்பது

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். ஒரு மாணவி இப்படிச் சொல்கிறாள் என்று வையுங்கள்: "கேக்கணும்னு தோணும். எல்லாரும் தலையாட்டும்போது நான் மட்டும் எப்படிக் கேக்கறது?"

இதற்கு "பயம்" என்று குறியிட்டால், அதாவது சுருக்கமாக அப்படிப் பெயர் வைத்தால், அவள் சொன்னது தொலைந்துபோகும். "தனக்கு மட்டும்தான் புரியவில்லை என்ற எண்ணம்" என்று குறியிடுங்கள். எல்லா நேர்காணல்களையும் இரண்டு மூன்று முறை படித்து, இப்படிக் குறியிட்டு, ஒத்த குறிகளைச் சேர்த்தால் கருப்பொருள்கள் தெரியவரும். பொருந்தாத குரலையும் விட்டுவிடாதீர்கள். "எனக்குக் கேள்வியே வராது" என்று ஒரு பையன் சொன்னால் அதுவும் அறிக்கையில் இடம்பெற வேண்டும்.

படி 8: இரண்டையும் சேர்ப்பது

படி 2-ல் பார்த்த டென்னசியைப் போலவே, அமெரிக்காவின் இன்னொரு மாநிலமான கலிஃபோர்னியாவும் 1996-ல் மாநிலம் முழுவதும் வகுப்புகளைச் சிறிதாக்கத் தொடங்கியது. ஒரே சமயத்தில் ஏராளமான புதிய ஆசிரியர்கள் தேவைப்பட்டதால், போதிய தகுதி இல்லாதவர்களும் வகுப்பெடுக்க வேண்டியதாயிற்று. அறைகளுக்கும் தட்டுப்பாடு வந்தது. ஓர் இடத்தில் பலித்தது இன்னோர் இடத்தில் எப்படி நடக்கிறது என்பதை அங்கிருப்பவர்களிடம் போய்க் கேட்டால்தான் தெரியும்.

நம் ஆய்விலும் அப்படித்தான். முதலில் எண்ணுங்கள். இரண்டு நிமிடப் பேச்சுக்குப் பிறகும் கேட்காதவர்கள் யார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அவர்களில் ஐந்தாறு பேரைத் தனித்தனியாகச் சந்தித்து, அந்த இரண்டு நிமிடத்தில் என்ன பேசினார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள்.