கப்பலில் இருந்து திமிங்கலம் பார்க்கிற தம்பிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் மணப்பாட்டில் கோயில் மேட்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுப் பையன் போனை நீட்டினான். கப்பல் அதிகாரியாகப் பயிற்சி பெறும் டெக் கேடட்டாக முதல் கப்பலை முடித்துவிட்டு வந்திருக்கிறான்.

"மாமா, ஸ்பெர்ம் திமிங்கலம் பாருங்க!"

பதினைந்து வினாடி வீடியோ. சாம்பல் நிறக் கடல், ஒரு கறுத்த முதுகு, கொஞ்சம் வெள்ளைப் புகை. எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"பெருசா இருந்துச்சு மாமா. கறுப்பா வேற இருந்துச்சு."

இருபது வருஷத்துக்கு முன்னால் என்னிடமும் இதே பதில்தான் இருந்தது. பைனாகுலர் லென்ஸைத் துடை, வாட்ச் நேரத்தில், அதாவது முறை வைத்துக் காவல் பார்க்கும் நேரத்தில், வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்காதே என்பதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவற்றுக்கு வருவோம்.

தீவுப் பக்கம் ஆழமிருக்காது என்று நினைப்பது

இது மன்னார் வளைகுடாப் பழக்கம். நம் பக்கத்துத் தீவுகளைச் சுற்றிப் பவளப் பாறையும் மணலும்தான். நடுக்கடல் தீவு அப்படியல்ல. கடலின் அடித்தரையில் இருந்து எழும்பி நிற்கும் எரிமலையின் உச்சி அது. தென் அட்லாண்டிக்கில் இருக்கும் டிரிஸ்டன் ட குன்யாவின் சிகரம் 2,062 மீட்டர். அடிவாரமோ கடல் மட்டத்துக்கு மூன்று கிலோமீட்டருக்கும் கீழே. கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனாலே பாதாளம்தான். அதனால் ஆழ்கடலில் இரை தேடும் திமிங்கலங்கள் கரையை ஒட்டியே வந்துபோகும். கேனரித் தீவுகளில் ஒன்றான எல் இயர்ரோவில் கூவியே அலகுத் திமிங்கலம் கரைக்குப் பக்கத்திலேயே திரிகிறது. அது முங்கினால் திரும்ப வரும் என்று காத்து நிற்காதீர்கள். ஒரே மூச்சில் 222 நிமிடம் உள்ளே இருந்ததாகப் பதிவு இருக்கிறது. அதற்குள் உங்கள் கப்பல் நாற்பது மைல் தாண்டியிருக்கும்.

பெயரை முதலில் எழுதுவது

இன்றைக்கும் என்னை எரிச்சல்படுத்துவது இதுதான்.

பிரேசிலின் சாந்தோஸ் துறைமுகத்தில் சோயா ஏற்றிக்கொண்டு நன்னம்பிக்கை முனையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தோம். செப்டம்பர் மாதம், டிரிஸ்டனுக்கு வடக்கே. மேற்குக் காற்று பின்னால் இருந்து நன்றாகத் தள்ளியது. இடப்பக்கம் அரை மைலில், நாங்கள் போகும் திசையிலேயே போய்க்கொண்டிருந்த ஒன்று மூச்சு விட்டது. மூச்சு ஒற்றைத் தூணாக எழும்பி முன்பக்கம் சாய்ந்தது. முதுகில் துடுப்பு இல்லை. ஐந்தாறு மூச்சுக்குப் பிறகு வாலை நிமிர்த்திக்கொண்டு இறங்கிவிட்டது. ஸ்பெர்ம் திமிங்கலத்தின் மூச்சு முன்னால் சாயும் என்று எங்கோ படித்திருந்தேன். திமிங்கலக் குறிப்பேட்டில் "ஸ்பெர்ம் திமிங்கலம், 1" என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

சில மாதம் கழித்து, மாலுமிகளின் குறிப்புகளைச் சேகரிக்கும் ஓர் ஆய்வாளர் கேள்வி அனுப்பினார். காற்று எந்தப் பக்கம்? திமிங்கலம் உங்களுக்குப் பக்கவாட்டில் தெரிந்ததா, நேர் எதிரிலா? தலையில் வெள்ளைத் திட்டுகள் உண்டா?

விஷயம் இதுதான். தென்கடல் ரைட் திமிங்கலத்துக்கு மூக்குத் துளை இரண்டு. நேர் முன்னாலோ பின்னாலோ இருந்து பார்த்தால் அதன் மூச்சு கவட்டைக் கம்பு போலப் பிரிந்து தெரியும். பக்கவாட்டில் பார்த்தால் இரண்டும் ஒன்றை ஒன்று மறைத்து ஒற்றைத் தூணாகிவிடும். பின்காற்று அடித்தால் அந்தத் தூண் முன்னால் சாயத்தானே செய்யும்? அதற்கும் முதுகுத் துடுப்பு கிடையாது. அதுவும் வாலைத் தூக்கிக்கொண்டுதான் இறங்கும். தலையில் மட்டும் சுண்ணாம்பை அப்பியது போலச் சொரசொரப்பான திட்டுகள் இருக்கும். ஸ்பெர்முக்குத் துளை ஒன்றே ஒன்று, தலையின் முன்னோரத்தில் இடது பக்கம். அதனால் அதன் மூச்சு காற்றே இல்லாத நாளிலும் முன்னாலும் இடப்பக்கமும் சாயும்.

இதில் ஒன்றையும் நான் குறித்து வைக்கவில்லை. பார்த்ததை எல்லாம் ஒரு பெயருக்குள் அடைத்துவிட்டிருந்தேன். அவர் மரியாதையாகத்தான் பதில் எழுதினார், ஆனால் அந்தப் பயணத்தின் முப்பத்தொரு பதிவையும் ஒதுக்கிவிட்டார். ஒன்றுக்கு ஆதாரம் கேட்டு இல்லையென்றால் மற்ற முப்பதை எப்படி நம்புவார்? டிரிஸ்டன் பக்கம் ரைட் திமிங்கலத்தைப் பழைய வேட்டைக்காரர்கள் கொன்று குவித்தது போக, 1960களில் சோவியத் கப்பல்களும் தடையை மீறிப் பிடித்தன. மிச்சமிருப்பதில் ஒன்றைப் பார்த்தோம் என்றால் அது சாதாரணப் பதிவு இல்லை. அன்றைக்கு நான் பார்த்தது எது என்று இன்றும் எனக்குத் தெரியாது.

ஆகவே நேரம், இடம், கப்பல் போகும் திசை, காற்று, தூரம், மூச்சின் வடிவம், துடுப்பு, வால், தலை என்று கண்ணில் பட்டதை எழுதுங்கள். பெயருக்கான கட்டம் வாட்ச் முடியும்வரை காலியாகவே கிடக்கட்டும். பையனிடமும் "பெரிய திமிங்கலம், இனம் தெரியவில்லை" என்று எழுதச் சொன்னேன். முகம் வாடிவிட்டது. ஏற்கெனவே ஊரெல்லாம் ஸ்டேட்டஸ் போட்டிருக்கிறான், பாவம்.

ஒன்றும் காணாத நாளை எழுதாமல் விடுவது

நான்கு மணி நேரம் பார்த்தேன், ஒன்றும் இல்லை என்பதும் பதிவுதான். எவ்வளவு நேரம் தேடினீர்கள் என்று தெரியாமல், எத்தனை பார்த்தீர்கள் என்பதை வைத்து யாராலும் ஒரு கணக்கும் போட முடியாது.

"சுமார் நூறு"

கூட்டத்தை எண்ணும்போது இப்படி எழுதாதே. குறைந்தது இத்தனை, கூடினால் இத்தனை என்று இரண்டு எண் கொடு.

பகலில் ஓங்கலை விரட்டுவது

ஓங்கல் என்றால் டால்பின். அதில் சுழல் ஓங்கல் என்ற இனம் இரவு முழுக்க ஆழத்தில் இருந்து மேலே வரும் மீனையும் கணவாயையும் தின்னும். பகலில் தீவின் ஒதுக்கமான குடாவுக்கு வந்து ஓய்வெடுக்கும். பிரேசிலின் பெர்னாண்டோ ட நோரோன்யாவில் இதற்கென்றே பேர்போன குடா உண்டு. நங்கூரம் போட்டிருக்கும்போது படகுப் பயிற்சி என்று இறங்கி, கூட்டத்துக்கு நடுவில் விட்டு வீடியோ எடுக்கிறார்கள். அது ராத்திரி வாட்ச் முடித்துத் தூங்குபவனின் கேபின் கதவைத் தட்டுவது மாதிரி. ஹவாயில் 2021 முதல் கரையோரக் கடலில் சுழல் ஓங்கலை ஐம்பது கெஜத்துக்குள் நெருங்கவே கூடாது.

"தீவுக்குப் பக்கத்தில் போனால் நிறையத் தெரியும்"

2011 மார்ச்சில் ஒலிவா என்ற கப்பல், பிரேசிலில் இருந்து சோயாவோடு சிங்கப்பூருக்குப் போகிற வழியில், டிரிஸ்டனுக்குப் பக்கத்து நைட்டிங்கேல் தீவில் மோதி உடைந்தது. ஆட்கள் தப்பித்தார்கள். எண்ணெய் அப்பிய பென்குயின்கள் ஆயிரக்கணக்கில்.

மிதந்து வரும் மெழுகுக் கட்டி

ஸ்பெர்ம் திமிங்கலத்தின் குடலில் உண்டாகும் அம்பராகவே இருந்தாலும் எடுக்காதே. ஊருக்குக் கொண்டுவந்தால் 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தில் வழக்கு, அதோடு கப்பல் வேலையும் போகும்.